நிற்காத வறட்டு இருமலா? பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்!

மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க" என்று யாராவது வந்து கேட்பார்கள். "சளி இருமலா, வறட்டு இருமலா?" என்பார் கடைக்காரர். அடுத்த நிமிடம் பாட்டில் கைக்கு வந்துவிடும். எத்தனை நாளாக இருமல் என்ற கேள்வி பெரும்பாலும் அங்கே எழுவதே இல்லை. டாக்டர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சளி, காய்ச்சல் வந்துபோன பிறகு வறட்டு இருமல் இரண்டு, மூன்று வாரம் இழுப்பது சகஜம். கிருமி போய்விட்டாலும் மூச்சுக்குழாயின் உள்பக்கம் புண்பட்டுக் கூச்சத்தோடு இருக்கும். ஏசி காற்று, மிளகாய் தாளிக்கும் நெடி, கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பது என எது பட்டாலும் இருமல் கிளம்பும். பெரியவர்களுக்கு 8 வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். குழந்தைகளுக்கு 4 வாரம்தான் கணக்கு.

அதற்காக 8 வாரம் வரை வீட்டிலேயே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டம். 'எனக்குச் சளியே இல்லையே, இது டி.பி-யா இருக்காது' என்று பலரும் நினைக்கிறார்கள். டி.பி இருமல் ஆரம்பத்தில் வறட்டு இருமலாகவும் இருக்கலாம். 'பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், இப்போ போய் டி.பி டெஸ்ட்டா' என்று தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அதே அறையில் தூங்குபவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு கூடும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சந்தேகம் கேட்க, 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

எக்ஸ்ரே நார்மல், இருமல் மட்டும் போகவில்லை!

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பெரும்பாலும் அம்மாவாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். தொண்டையில் ஏதோ குறுகுறுவென்று இருக்கும். இருமினால் ஒன்றும் வராது. மாதக்கணக்கில் இப்படியே போகும். இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: "பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் ஒரு குடும்பம். ரத்த அழுத்தத்துக்கும் இதய பாதிப்புக்கும் நல்ல மருந்துகள்தாம். ஆனால், இவை உடலில் தடுக்கும் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுதான். அது தடுக்கப்படும்போது பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து, இருமல் நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களில் 100-க்கு 5 முதல் 20 பேர் வரை வறட்டு இருமல் வரலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

சிக்கல் என்னவென்றால், மாத்திரை ஆரம்பித்த வாரமே இருமல் வரும் என்றில்லை. சில மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. சிரப் ஒரு பக்கம், அதிமதுரம் ஒரு பக்கம் என்று கைவைத்தியம் நடக்கும். அதிமதுரத்தைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது தெரியுமா? பிரஷர் மாத்திரையால் வந்த இருமலுக்கு, பிரஷரை ஏற்றும் மருந்து!

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இருமலைவிட ஆபத்து. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற வேறு வகைக்கு அவர் மாற்றித் தரலாம். அவற்றில் இந்த இருமல் குறைவு. மாற்றியதும் மறுநாளே நிற்காது. பலருக்கு 1 முதல் 4 வாரத்தில் அடங்கும். சிலருக்கு 3 மாதம்கூட ஆகும்.

எப்போது இருமுகிறீர்கள்?

நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுப்பிவிடும் இருமல் என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இழுப்பு இல்லாமல் வெறும் வறட்டு இருமலாகவே வரும் ஆஸ்துமா உண்டு. இதற்கு டாக்டர் இன்ஹேலர் எழுதினால், 'பழகிடும்' என்று பயந்து பையிலேயே வைத்திருக்க வேண்டாம். மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். சாப்பிட்டுப் படுத்ததும் இருமல் வந்தால், வயிற்று அமிலம் மேலே ஏறுவது காரணமாகலாம். நெஞ்செரிச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுபவர்களுக்கு, மூக்கிலிருந்து சளி பின்பக்கமாக இறங்குவது காரணமாக இருக்கலாம்.

படுக்கையறையில் தினமும் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்கிறது 2003-ல் வெளியான ஓர் ஆய்வு.

குழந்தைகள் விஷயத்தில் சிரப் பாட்டிலைத் தொடவே யோசிக்க வேண்டும். 2025-ல் நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகள் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. 1 வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதற்குக் கீழே தேனும் கூடாது. நிலக்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஆரம்பித்த இருமல், நின்றுபோனது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம்.

ரத்தம் வந்தால், மூச்சு வாங்கினால், எடை குறைந்தால், மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ இருந்தால் வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே போங்கள். புகைபிடிப்பவரின் இருமல் வழக்கத்தைவிட மாறினாலும் காட்ட வேண்டும்.

இன்னொன்று, பெண்கள் யாரிடமும் சொல்லாதது. இருமும்போது சிறுநீர் கசிவது. பஸ் பயணத்தையும் கல்யாண வீட்டையும் இதற்காகவே தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இருமலுக்குப் பார்க்கும் டாக்டரிடமே இதையும் சொல்லலாம். சிறுநீரை அடக்கும் தசைகளை வலுவாக்கத் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், டிவி பார்த்துக்கொண்டேகூட.