லாம்ப்டனின் சங்கிலியும் நம் வடிகால்களும்

தாம்பரத்து மாணவர் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் கடக்கும் பரங்கிமலையருகே, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு வித்திட்ட பணி அது. அளப்பதற்கு ஓர் எஃகுச் சங்கிலி. அதனை ஒப்பிட்டுச் சரிபார்க்க மற்றொன்று.

கருவியும் பொது அளவும் இணைதல் இன்றைய கணினி நிலப்படத்திற்கும் இன்றியமையாதது. கியூஜிஐஎஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒன்றில் வரைந்ததை வேறொன்று பிழையறப் படிக்கவேண்டுமாயின் திறந்த தரநிலையும் வேண்டும். ஆதலின், 1994இல் தோன்றிய புவியிடத் தரநிலைக் கூட்டமைப்பும் 2006இல் தோன்றிய திறமூலப் புவியிட அறக்கட்டளையும் 2022இல் தம் உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொண்டன. தமிழாசிரியர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? எழுத்துருவுக்கொரு குறியீடு வழங்கிய காலத்தில் தட்டச்சிட்ட நம் கட்டுரைகள் இன்று புரியாக் குறிகளாய்க் கிடக்கின்றனவே!

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அவ்வேளையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படத்தின்மீது, சென்னையில் நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். அதற்கு எவர்தம் இசைவையும் எதிர்நோக்க வேண்டியிருக்கவில்லை.

2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஏரியின் உபரிநீரோ பழைய எல்லைகளையும் அறியாது, புதியனவற்றையும் அறியாது. வடிகால், மதகு, கரையின் உயரம் ஆகியவற்றைக் காட்டும் படங்களை மாநகராட்சியும் நீர்வளத் துறையும் திறந்த தரநிலையிலேயே வெளியிடவேண்டும் என்பது என் துணிபு. காகிதப் படத்தை ஒளிநகலெடுத்து ஏற்றினால் அதனை மற்றொரு படத்தோடு பொருத்திப் பார்த்தல் அரிது. ஏரிப்பெயர்களைப் பிழையறத் தமிழில் பதியும் பணியை நம் துறை மாணவர் வரும் விடுமுறையிலேயே பீர்க்கன்காரணையிலிருந்து தொடங்கலாம்.