பாட்டு டீச்சர் ஒரு வீட்டுக்கு வரமாட்டாங்க, ஒரு ஊருக்கு வருவாங்க

முன்னேஸ்வரத்தில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடினால், பின்னேரத்துக்குள் நாலு பேருடைய நம்பர் கையில் இருக்கும். இங்கிலீஷுக்கும் அப்படித்தான். சிலாபம் டவுனில் மதிலுக்கு மதில் டியூஷன் போஸ்டர். ஆனால் பாட்டுக்கோ வயலினுக்கோ மிருதங்கத்துக்கோ ஒருத்தரைத் தேடிப் பாருங்கள். மூன்று பதில்தான் வரும். "கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க." "யூடியூப்ல பார்த்துப் படிக்கலாமே." "முதல்ல ஓ/எல் முடியட்டும், பிறகு பார்ப்போம்." மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: இங்க ஆள் இல்ல, விட்டுடுங்க.

இந்த "ஆள் இல்ல" என்ற பேச்சை நாங்கள் அப்படியே ஏற்கத் தயாரில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தேடுகிறது. தேடும்போது தேவையில்லாத கேள்வியை முதலில் கேட்கிறது. கிடைக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறோம்.

மற்றப் பாதி உண்மையான காரணம். அதை முதலில் சொல்லிவிடலாம். இலங்கையில் கர்நாடக இசையைத் தமிழில் பட்டப்படிப்பாகப் படிக்க எல்லாரும் சொல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இராமநாதன் நுண்கலைக் கழகம். மற்றது 1982இல் தொடங்கி, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். ஒன்று வடக்கில், ஒன்று கிழக்கில். படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் தங்கள் ஊர்ப் பக்கமே வேலை தேடுவார்கள், இல்லாவிட்டால் கொழும்புக்கு வருவார்கள். புத்தளம் கரை இந்த இரண்டு பாதையிலும் இல்லை. தமிழ்ப் பாடசாலைகள் குறைவான மாகாணத்தில் சங்கீத ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்தால் கேட்க ஆளில்லை. ஆறாம் வகுப்பில் அழகியல் பாடம் தெரிவு செய்யச் சொல்லும்போது, பாட்டு வரும் பிள்ளையும் "சித்திரம்" என்று எழுதிக் கொடுக்கிறது. சித்திரம் நல்ல பாடம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேறு வழி இல்லாமல் அதை எழுதுவதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

இத்தனைக்கும் இது இசை இல்லாத ஊரா? ஆவணி மாதத்தை ஒட்டி நாலு வாரம் கோயில் திருவிழா. நாதஸ்வரமும் தவிலும் கேட்டுத்தான் இங்குள்ள பிள்ளைகள் வளர்கிறார்கள். வடக்கே போனால் உடப்பு. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்குப் பேர் போன ஊர். சிலாபம் சேர்ச்சுகளில் கொயர் இருக்கிறது. சிங்களப் பாடசாலைகளில் ஹார்மோனியமும் தபேலாவும் சத்தம் போடுகின்றன. காது நிறைய இசை இருக்கிறது. உட்கார வைத்து ஸ்வரம் சொல்லிக் கொடுக்க ஒரு ஆளும் ஒரு பாயும்தான் குறைகிறது.

சரி, கணக்குப் பார்ப்போம். கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். புத்தளம் லைன் ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் போக வரவே அரை நாள் போய்விடும். ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்க யார் அப்படி வருவார்? நாங்களாக இருந்தாலும் வரமாட்டோம். அதையே பன்னிரண்டு பிள்ளைகள், நாலு பேர் கொண்ட மூன்று குழு என்று வைத்துப் பாருங்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அது ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை. கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு என்று எங்கிருந்தாவது ஒருத்தர் "சனிக்கிழமை வாறேன்" என்று சொல்லக்கூடிய வேலை. பத்து வீடு பத்து தடவை போன் எடுத்து "வர ஏலாது" என்று கேட்பதை விட, பத்து வீடு சேர்ந்து ஒரு தடவை கேட்பது எவ்வளவோ மேல்.

"கூட்டமாப் படிச்சா பிள்ளைக்குக் கவனிப்பு கிடைக்காது" என்று அம்மாமார் சொல்வார்கள். கீர்த்தனை, ராக ஆலாபனை என்று போகும்போது அது சரி, தனியாக உட்காரத்தான் வேண்டும். ஆனால் ஆரம்பப் பாடங்கள் அப்படியில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் சேர்ந்து பாடிப் பழகக் கூடியவை. பக்கத்துப் பிள்ளை தாளம் தப்பினால் தன் கையும் தப்புவதை ஒரு பிள்ளை அங்கேதான் கவனிக்கும். வெட்கப்பட்டு வாய் திறக்காத பிள்ளையும் நாலு பேரோடு என்றால் திறக்கும். முதல் ஒன்றரை இரண்டு வருசத்துக்குக் குழு வகுப்பு ஒரு குறையே இல்லை.

இடத்துக்கும் அலைய வேண்டாம். அறநெறி வகுப்பு நடக்கிற மண்டபம் சனிக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால் தருவார்கள் என்றே நம்புகிறோம்.

காசு விசயத்தில் ஒன்றைப் பச்சையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், அந்த வாரக் காசைக் கழியுங்க. டெஸ்ட் மாசம், இந்த மாசம் வரல்ல, காசும் இல்ல. இப்படித்தான் வருகிற ஆசிரியரையும் நாம் இழக்கிறோம். பிள்ளை வராவிட்டாலும் அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். மாதக் காசு முழுதாக, போக்குவரத்துச் செலவு தனியாக, இரண்டையும் ஒரு ஆள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டீச்சர் வீடு வீடாகப் போய்க் காசு கேட்கும் நிலை வந்தால் அந்த வகுப்பு மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது, யாரை எடுப்பது. நம்ம ஊரில் முதல் கேள்வியே "என்ன பட்டம்?" என்பதுதான். வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்து, ஆசிரியர் தரம் முடித்தவர்களுக்குக் கலாவித்தகர் பட்டம் கொடுக்கிறது. அது உழைத்து வாங்குகிற பட்டம், மரியாதைக்குரியது. ஆனால் பட்டம் சொல்வது அவர் படித்தவர் என்பதை. எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்பதை ஒரு வகுப்பு பார்த்தால்தான் தெரியும். அதனால் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று முதலிலேயே பேசிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அந்த ஒரு மாதத்தில் சங்கீதம் தெரியாத அப்பா அம்மாவும் நாலு விசயத்தைக் கவனிக்கலாம்.

ஒன்று, சுருதி. பெண் பிள்ளைகள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் வசதியாகப் பாடுவார்கள். வளர்ந்த ஆண் குரல் ஒரு கட்டைப் பக்கம் நிற்கும். டீச்சர் தன் சுருதிக்குப் பிள்ளையை இழுக்கிறாரா, பிள்ளையின் குரலுக்குச் சுருதியை மாற்றுகிறாரா? தொண்டை நோகுது என்று பிள்ளை அடிக்கடி சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குரல் உடையும் வயசுப் பையனை மேல் ஸ்தாயியில் கத்த விடாமல் பொறுத்திருக்கத் தெரிந்தவர் நல்ல டீச்சர்.

இரண்டு, அவசரம். மூன்றாவது வாரமே விழாவுக்கு ஒரு பாட்டைப் பாடமாக்கிக் கொடுத்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம்தான். ஆனால் மாயாமாளவகௌளையில் ஸ்வரம் நேராக நிற்காத பிள்ளைக்கு அந்தப் பாட்டு கிளிப்பேச்சு. அடுத்த பாட்டுக்குத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று, பரீட்சை. பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது வேறு, பரீட்சைக்கு வரும் உருப்படியை மட்டும் சொல்லிக் கொடுப்பது வேறு. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சின்னப் பாட்டைக் கடைசியாக எப்போது படித்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் அதில் இருக்கிறது.

நாலு, கதவு. வகுப்பு நடக்கிற அறை திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் "டீச்சரைச் சந்தேகப்படுறதா?" என்று கேட்பார்கள். இல்லை. இது எல்லாருக்கும் பொதுவான விதி, நல்ல ஆசிரியருக்கும் பாதுகாப்பு. அப்படியும் ஏதாவது பிழை நடந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் எல்லா வீட்டுப் போனிலும் இருக்கட்டும்.

ஒன்லைன் வகுப்பு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஸூமில் டீச்சரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் தாளம் போட முடியாது. சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் சத்தம் கிட்டத்தட்ட 30 மில்லி செக்கனுக்குள் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். நம்ம வீட்டு டேட்டாவில் அது நடக்கிற காரியமில்லை. இன்னொன்று, தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவை ஸூம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். செட்டிங்கில் "ஒரிஜினல் சவுண்ட்" போட்டால் அது கொஞ்சம் சரியாகும், தாளம் சரியாகாது. ஆக, ஆரம்பப் பிள்ளைக்கு ஒன்லைன் மட்டும் போதாது. ஒரு வருசம் நேரில் படித்த பிள்ளை வார நடுவில் பாடிக்காட்டித் திருத்திக்கொள்ள அது நல்ல வழி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நேரில், இரண்டு ஒன்லைன் என்று பேசினால் தூரத்து ஆசிரியரும் சம்மதிக்க இடமுண்டு.

இனி, கொஞ்சம் பேருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறோம். தமிழ் ஆசிரியர் வரும்வரை பக்கத்துத் தெருவில் இருக்கும் சிங்கள மியூசிக் சேரிடம் ஏன் பிள்ளையை அனுப்பக் கூடாது? சிங்களப் பாடசாலைகளில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் ஹிந்துஸ்தானி வழி. அமரதேவ உட்பட எத்தனையோ பேர் லக்னோ பாத்கண்டே கல்லூரிக்குப் போய்ப் படித்து வந்த வழி அது. நம்ம பிள்ளை முதல் பாடமாகப் படிக்கும் மாயாமாளவகௌளையின் அதே ஸ்வரங்கள்தான் அங்கே பைரவ். கல்யாணி அங்கே கல்யாண். கமகம் வேறு, பாடும் முறை வேறு, ஓ/எல் வினாத்தாளும் வேறு. அதை மறைக்கத் தேவையில்லை. வயலின் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். சேர்ச்சில் நின்றபடி தோளில் வைத்துப் படித்த பிள்ளை, பிறகு உட்கார்ந்து காலில் ஊன்றி, தந்தியை ச-ப-ச-ப என்று மாற்றிப் பிடிக்கும்போது கஷ்டப்படும். ஆனால் சுருதியோடு சேர்ந்து நிற்கப் பழகிய காது எந்தப் பாணிக்கும் உதவும். பத்து வயசில் பழகாத காதை இருபது வயசில் பழக்குவதுதான் பெரிய பாடு. இந்தக் கரையில் இசை மொழி பார்த்து நடந்ததும் இல்லை. கத்தோலிக்க நாட்டுக்கூத்திலிருந்து சிங்கள நாடகம் மரபு வந்தது. அதைப் பார்த்துத்தான் சரச்சந்திர 1956இல் 'மனமே' போட்டார்.

அப்படியென்றால் தமிழ்ப் பாட்டு டீச்சர் எதற்கு என்று கேட்கலாம். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை ஒரு காலத்தில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல இன்று சிங்களம் பேசுகின்றன. பள்ளிக்கூட மொழி மாறியது, இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டு மொழியும் மாறியது. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. மொழி எப்படிப் போகும் என்பதை இந்தக் கரை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். உழவு மெஷினும் வின்ச்சும் வலை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அம்பாவுக்கு வேலை இல்லாமல் போகிறது. ழகரமும் ளகரமும் பிரித்து, ஒரு வரியை நாலு தடவை நிறுத்திப் பாட வைக்கிற இடம் ஒரு பிள்ளைக்கு இன்று எங்கே இருக்கிறது? டியூஷன் கிளாஸில் இல்லை. போனிலும் இல்லை. தேவாரம் பாடச் சொன்னால் தலையைக் குனிகிற பிள்ளைக்கு மொழி தெரியாமல் இல்லை, வாயில் எடுத்துப் பழகவில்லை.

அதனால் எங்கள் வேண்டுகோள் சின்னது. கோயில் நிர்வாகமோ அறநெறி ஆசிரியர்களோ யாராவது ஒருத்தர் ஒரு கொப்பி திறக்கட்டும். பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பக்கம். பிள்ளையின் வயசு, எந்தக் கிழமை வசதி, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும். முடியாத வீட்டுப் பிள்ளை பேரையும் எழுதுங்கள், அந்தக் காசை ஊர் போட்டுக்கொள்ளலாம். கம்பஸில் படிக்கும் நாங்கள் அங்கே நுண்கலை படிக்கிறவர்களிடமும் படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கிறவர்களிடமும் பேசிப் பார்க்கிறோம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் போதும். போன் எடுக்கும்போது "எங்க பிள்ளைக்கு ஒரு டீச்சர் வேணும்" என்று சொல்லத் தேவையில்லை. "எங்க ஊருக்குச் சனிக்கிழமை வருவீங்களா?" என்று கேட்கலாம்.