காடு எது, தோப்பு எது?

விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவர், "இந்தியாவில் காடு பெருகியிருக்கிறதாமே!" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். 2024 டிசம்பரில் வெளிவந்த தேசிய வன அறிக்கையைப் பற்றிய பேச்சு அது. நாட்டின் காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது 21.76 விழுக்காடு. முந்தைய அறிக்கையைவிட 156 சதுர கிலோமீட்டர் மிகுதி. அவர் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் எதனைக் காடென்று கொண்டு கணக்கிட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. நம்மிற் பலரும் கேட்பதில்லை.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை துணைக்கோள் படங்களைக் கொண்டு 1987 முதல் இவ்வறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அதன் இலக்கணம் எளியது. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கையேனும் மரத்தழை மூடியிருக்க வேண்டும். அவ்வளவே! நிலம் யாருடையது, மரம் எது, தானே முளைத்ததா நட்டதா என்ற வினாவே அங்கில்லை. ஆகவே தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் காட்டுக் கணக்கில் ஏறிவிடுகின்றன. இதனை அவர்கள் மறைக்கவுமில்லை. நாம்தான் இலக்கணத்தை விட்டுவிட்டு விழுக்காட்டை மட்டும் பிடித்துக் கொள்கிறோம்.

நாகர்கோவில் பக்கத்துச் சிறுவன் ஒருவனிடம் தென்னந்தோப்பைக் காட்டி, "இது காடு" என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். காடு, சோலை, தோப்பு, தோட்டம் என்று வெவ்வேறு பெயரிட்டு வழங்குபவர் நாம். (கொங்கு நாட்டார் புஞ்சை நிலத்தையே காடு என்பர், அது வேறு செய்தி.) இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. ஆடு மேய்ப்பவனும், தேன் எடுப்பவனும், விறகு பொறுக்குபவளும் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

நிற்க. துணைக்கோளை இகழ்வது என் நோக்கமன்று. அரசாங்க ஏடுகளில் நாட்டின் ஏறத்தாழ 23 விழுக்காடு நிலம் காடென எழுதப்பட்டிருந்த காலத்தில், உண்மையில் மரம் நிற்பது அதனினும் மிகக் குறைவு என்று காட்டியது துணைக்கோளே. 1972–75-இல் 16.89 விழுக்காடாக இருந்தது 1980–82-இல் 14.10-ஆகச் சுருங்கிற்று என்று தேசியத் தொலையுணர்வு நிறுவனம் அறிவித்தபோது நாடே திடுக்கிட்டது. ஏடு சொன்ன பொய்யைப் படம் உடைத்தது.

பழுது கருவியில் இல்லை. நாம் அதனிடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பழநி மலையை எடுத்துக் கொள்வோம். 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட துணைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. அவர்கள் மரத்தை மட்டும் எண்ணவில்லை. புல்வெளி எங்கே போயிற்று என்றும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! அவ்விடத்தைச் சீகையும் தைலமரமும் பைனும் விளைநிலமும் பிடித்துக் கொண்டன. மரக்கணக்கில் பார்த்தால் இது வளர்ச்சி. ஆனால் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்த நிலமன்றோ? கீழே குடியிருப்பவனுக்கு எந்தக் கணக்கு வேண்டும்?

எந்தச் சரிவில் சீகையை வெட்டுவது, எந்த ஓடையை மறிப்பது, எங்கே மேய்ச்சலுக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய ஊராட்சிக்கு மாவட்ட விழுக்காடு ஒன்றுக்கும் உதவாது. அதற்கு வேண்டியது தன் ஊரின் படம். அதனைப் படித்துச் சொல்ல ஓர் ஆள்.

வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2012-இல் திருத்தப்பட்டபோது, துணைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்கு மாற்றாகாது என்று எழுதி வைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த விதி. குசராத்தின் பழங்குடி ஊர்கள் சிலவற்றில் மக்கள் கருவியைக் கையிலேந்தித் தம் நிலத்தின் எல்லையைத் தாமே நடந்து அளந்தார்கள். அந்த அளவைத் துணைக்கோள் படத்தின்மேல் பதித்துத் தம் உரிமையைக் கோரினார்கள். அங்கே படம் அதிகாரியின் கைக்கோலாக இல்லை. உழுபவனின் சாட்சியாக நின்றது.

நண்பர்களே, இப்படங்கள் இன்று பூட்டிய அறையில் இல்லை. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். ஐரோப்பியரின் சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை, அதே நிலத்தைப் படமெடுத்துத் தருகிறது. (மழைக்காலத்து மேகம் மட்டும் அதற்குப் பகை.) அகச்சிவப்பைக் கூட்டி அமைத்த படத்தில் காடு செக்கச் செவேலென்று தெரியும், முதன்முறை பார்ப்பவர் தீப்பற்றியதென்றே எண்ணுவர். ஆனால் அந்தச் சிவப்பு சோலையா, சீகையா, தோப்பா என்பதை அவ்வூர்க் கிழவரைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார்.

நம் மன்றம் ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துகிறது, நடத்தட்டும். ஆனால் நம்மிடையே நிலவியல் படிப்போர் இருக்கின்றனர், கணிப்பொறி படிப்போர் இருக்கின்றனர், தாவரவியலார் இருக்கின்றனர். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தம் ஊரின் பத்தாண்டுப் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் எடுத்துச் சென்று, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு எல்லையைச் சுற்றி வந்து, எது காடு, எது தோப்பு என்று குறித்து வரலாமே! அப்படி ஓர் ஊரின் படமேனும் வந்து சேருமானால், அடுத்த இதழில் அதற்கு ஆசிரியர் இடம் ஒதுக்குவார் என்று நம்புகிறேன். ஒதுக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்குரிய பக்கத்தை எடுத்துக் கொள்ளட்டும்.