தீவில் கால் வைத்தால் தீட்டா?

எங்கள் வடுகபட்டிக்குக் கடல் கிடையாது. ஆனால் இங்கே ஓடும் வராக நதி வைகையில் சேர்ந்து ராமநாதபுரம் பக்கம்தான் போகிறது. அங்கே பாசி எடுக்கும் பெண்களிடம் வனத்துறை சொல்வது, ஊர்க் கிணற்றடியில் என் பாட்டியிடம் சொன்னதேதான்: நீ தொட்டால் கெட்டுப்போகும்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறைகளாக அங்கே முக்குளித்தவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்ட பெண்கள் இவர்கள்!

பவளப்பாறையை மூடியது யார்? பெப்சி கம்பெனி வியாபாரத்துக்காக வளர்க்கவைத்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். கம்பெனியின் சாக்கையா பறித்தார்கள்?

கடலைக் காக்க வேண்டாமா தோழர் என்கிறீர்கள். காப்போம். முடிவெடுக்கும் மேசையில் பாசிக்காரிக்கு முதல் நாற்காலி போடுங்கள், பேசலாம்.