எந்த மடிக்கணினி போதும் என்று கல்லூரியே சொல்லட்டும்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

கல்லூரியில் இடம் உறுதியானதும் கட்டணத்துக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்கள் செய்யும் பெரிய செலவு மடிக்கணினி வாங்குவதுதான். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து, சாதாரணமான ஒன்றுக்கே பல ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், சீருடை என்று எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுக்கும் நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை, இந்தப் படிப்புக்கு எத்தகைய மடிக்கணினி போதும் என்று ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை. மருத்துவர் சீட்டு எழுதாமலே நோயாளியை மருந்துக் கடைக்கு அனுப்புவதைப் போன்றது இது. கடைக்காரருக்குப் பொருள் தெரியும், பாடத்திட்டம் தெரியாது. பாடத்திட்டம் தெரிந்த துறைத் தலைவரோ வாயே திறப்பதில்லை. ஆகவே நான் தங்களிடம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் எந்த அளவு மடிக்கணினி தேவை, அது எந்த ஆண்டில் தேவைப்படும், எது தேவையே இல்லை என்பதைத் துறைவாரியாக எழுதி, மாணவர் சேர்க்கை தொடங்கும் முன்பே வெளியிடும்படி மாநிலத்தின் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தாங்கள் ஆணையிட வேண்டும்.

படிப்புக்குப் படிப்பு தேவை எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்தால் இந்தக் கோரிக்கையின் நியாயம் விளங்கும். தமிழ் இலக்கியமோ வரலாறோ வணிகவியலோ படிப்பவர் ஒருங்குறியில் கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், எக்செல்லில் கணக்குப் போட வேண்டும், மின்னூல்கள் படிக்க வேண்டும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள எந்த எளிய மடிக்கணினியும் இதற்குப் போதும். அவர் பார்க்க வேண்டியவை எடையும் பேட்டரியும்தான். அவருக்கு யாரோ கேமிங் லேப்டாப்பைப் பரிந்துரைத்தால், இரண்டு கிலோவுக்கு மேல் எடையையும் தனியாகக் கனக்கும் சார்ஜரையும் தினமும் பேருந்தில் சுமந்துகொண்டு, வகுப்பில் பிளக் பாயின்ட் பக்கத்தில் இடம் தேடிக்கொண்டிருப்பார். இயந்திரவியல் மாணவர் நிலைமை வேறு. அவர் கற்கும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. கட்டுமானவியலில் பயன்படும் ரெவிட், ஈடேப்ஸ் இரண்டும் அப்படியே. இவர்கள் ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு கொண்ட மேக்புக்கை வாங்கிவிட்டால், அதில் விண்டோஸை நேரடியாக நிறுவவே முடியாது. அதே மேக்புக் கணினி அறிவியல் மாணவருக்கு மிக நல்ல கருவி. அவருடைய சிக்கல் ரேமில் இருக்கிறது: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி திணறும், 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. மின்னணுவியலில் எஃப்பிஜிஏ பாடத்துக்கு விவாடோ நிறுவுபவருக்கு ரேமைவிட வட்டில்தான் நெருக்கடி. அந்த ஒரு மென்பொருளே பல பத்து ஜிபியை விழுங்கிவிடும் என்பதால் 256 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரமே நிரம்பிவிடும். செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்ந்தவர்களிடம் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று சொல்லி விற்கிறார்கள். குடா தொழில்நுட்பம் என்விடியாவில்தான் இயங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் இளநிலை மாணவரின் வகுப்புப் பயிற்சிகளில் பெரும்பகுதியைக் கூகுளின் இணையவழிச் சேவையான கொலாபில் காசில்லாமல் முடித்துவிடலாம். இதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் அந்தப் பாடத்தை நடத்தப்போகும் பேராசிரியர். அவர் சொல்லாத இடத்தில் விளம்பரம் பேசுகிறது.

எந்த ஆண்டில் தேவை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, எல்லாப் பொறியியல் பிரிவினருக்கும் முதல் பருவத்தில் பைத்தான் நிரலாக்கத்தை வைத்தது. அந்த அளவுப் பைத்தானுக்கு எந்தப் பழைய கணினியும் போதும். கனமான மென்பொருள்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் வருகின்றன. அப்படியிருக்க, முதல் நாளே நான்காம் ஆண்டுக்கான விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? ரேமைக் கூட்டிக்கொள்ள ஸ்லாட் உள்ள மடிக்கணினியாக இருந்தால், இன்று 8 ஜிபியோடு வாங்கி, தேவைப்படும் பருவத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ சொந்த ஊர்க் கடையிலோ இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசி வரைக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் பிராசசர் பெயரைவிட இந்த ஒரு செய்தி மாணவருக்குப் பத்து மடங்கு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். கடையில் கேட்காமல் இதை யாரும் சொல்வதில்லை. கேட்க வேண்டும் என்பது முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கோ அவருடைய பெற்றோருக்கோ எப்படித் தெரியும்?

பழைய கணினி வாங்கிச் சமாளிக்கும் குடும்பங்களுக்கும் துறை எழுதித் தரும் குறிப்பு வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால், இன்டெல் சில்லுகளைப் பொறுத்தவரை, பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இது தெரியாமல் ஏழாம் தலைமுறை மடிக்கணினியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர், வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத பொருளைத் தலையில் கட்டிக்கொள்கிறார். லினக்ஸ் போட்டுக்கொண்டால் அதே இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் தன் பாடங்களுக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்பதையும் அவருக்குத் துறைதான் சொல்ல முடியும். கல்விக் கடன் விஷயத்திலும் இதே முடிச்சு இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கணினி வாங்கவும் கடனில் இடம் தருகிறது. தேவை என்பதை யார் சொல்வது? கல்லூரியின் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தால் வங்கி மேலாளரிடம் மாணவர் அதைக் காட்டலாம். அது இல்லாமல் கேட்கிற மாணவரை அவர் நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பை நான் அறிவேன். அரசே விலையில்லா மடிக்கணினி கொடுக்கும்போது இந்தப் பட்டியல் எதற்கு என்பார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் தருவதாக அறிவித்தது. இதை மனதார வரவேற்கிறேன். அத்திட்டத்துக்குக் குறிக்கப்பட்ட 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் அறிவியல் மாணவர்களில் பெரும்பாலானோருக்கும் பட்டப்படிப்பு முழுவதற்கும் போதுமானவை. அந்தச் செய்தியையே கல்லூரி எழுத்தில் சொல்லிவிட்டால், இன்னொன்று வாங்கக் கடன் தேடும் பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். எந்தப் பிரிவுக்கு அது போதாது என்பதும் அதே பட்டியலில் தெரிந்துவிடும். அந்தப் பிரிவுகளுக்கு ரேம் கூட்டித் தரலாம், அல்லது துறையின் ஆய்வகத்தை மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம். ஒரே அளவில் எல்லோருக்கும் கொடுப்பதைவிடத் துல்லியமாகச் செலவழிக்க இது அரசுக்கே உதவும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் அதுவே கட்டாயமாகிவிடும். இயலாத மாணவர் கூனிக் குறுகுவார். சில நிர்வாகங்கள் தாங்களே மடிக்கணினியை வாங்கிக் கட்டணத்தோடு சேர்த்து விற்கத் தொடங்கிவிடும். இந்த அச்சத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. அதனால்தான் ஆணையிலேயே வேலி போட வேண்டும் என்கிறேன். நிறுவனத்தின் பெயரோ மாடலோ கடையோ பட்டியலில் இருக்கக் கூடாது. கல்லூரி விற்கவும் கூடாது, விற்பவரைப் பரிந்துரைக்கவும் கூடாது. சொந்த மடிக்கணினி இல்லாத மாணவர் எந்த ஆய்வகத்தில், எந்த நேரத்தில் அதே மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்ற வரி இல்லாத பட்டியல் செல்லாது என்று எழுதிவிடுங்கள். அப்போது பட்டியல் மாணவர்மேல் சுமத்துவதைவிடக் கல்லூரிமேல் சுமத்துவதே அதிகமாக இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தொழில்நுட்பம் ஆண்டுதோறும் மாறுகிறதே என்ற மறுப்புக்குப் பதில் எளிது: பட்டியலையும் ஆண்டுதோறும் திருத்தலாம், ஒரு துறைக் கூட்டத்தில் அரை மணி நேர வேலை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பொறியியல் கல்லூரி 1984ஆம் ஆண்டிலிருந்தே புதிய மாணவர்களுக்குக் கணினி வேண்டும் என்று விதித்து, அதன் அளவையும் வெளியிட்டு வருகிறது. ஜார்ஜியா டெக் 1997இல் அந்த வழிக்கு வந்தது. அவர்களுடைய கட்டாயத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம், வெளிப்படைத்தன்மையை எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்கும் பட்டியல் ஒரு படிப்புக்கு ஒரு பக்கத்தைத் தாண்டாது. பாடத்தில் வரும் மென்பொருள்கள், அவை வரும் பருவம், எந்த இயங்குதளம், எவ்வளவு ரேம், எவ்வளவு வட்டு, கிராஃபிக்ஸ் அட்டை வேண்டுமா வேண்டாமா, ஆய்வக நேரம் — இவ்வளவும் எளிய தமிழில் இருக்க வேண்டும். கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்கும் நாளன்று அது கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் இருந்தால், பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே குடும்பம் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த சேர்க்கைக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் முடியாது என்றால், அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் முதலில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உயர்கல்வியில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்