முள் விழுந்தால் முதல் சந்தேகம் ஆயில் மேல்

2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் போன காலத்தில் வாங்கிய டீசல் ஜெனரேட்டர்கள் தேனி மாவட்டத்தில் இன்னும் நிற்கின்றன. போடி ஏலக்காய்க் கிடங்குகளில், ஆண்டிபட்டிப் பக்கத்து மில்களில், சின்னமனூர், உத்தமபாளையம் கல்யாண மண்டபங்களில் அவற்றைப் பார்க்கலாம். அன்று ராப்பகலாக ஓடியவை, இன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் ஓடினாலே பெரிது. ஆகவே ஓடித் தேய்ந்த பழுதைவிட நின்று கெட்ட பழுதுதான் இப்போது நம் கைக்கு வருகிறது. பச்சை பிடித்த டெர்மினல், எலி கடித்த வயர், உள்ளே சிக்கிக்கொண்ட சென்சார். இவற்றோடு பழகிப் பழகி, ஆயில் பிரஷர் கேஜில் முள் விழுந்தாலே "கேஜ் போயிடுச்சுண்ணே" என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அந்த வழக்கத்தை விடச் சொல்லத்தான் இந்த உரை.

நம் பக்கத்துச் செட்களில் பரவலாக இருப்பது வி.டி.ஓ. வகை சென்சார். பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 180 ஓம். இதில் வயர் அறுந்தால் முள் விழாது, உச்சிக்கு ஏறும். எர்த் சரியில்லை என்றாலும் ஓம் கூடி, முள் இருக்க வேண்டியதைவிட மேலேதான் நிற்கும். அப்படியானால் முள் பூஜ்யத்தில் கிடப்பதற்கு என்னென்ன காரணம் மிஞ்சுகிறது? வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். கேஜுக்கு வரும் சப்ளை போயிருக்கலாம். சென்சார் கீழ்முனையில் சிக்கியிருக்கலாம். இல்லையென்றால் நிஜமாகவே ஆயில் பிரஷர் இல்லை. நாலில் ஒன்று இன்ஜினையே தின்றுவிடும் காரணம் என்னும்போது, மற்ற மூன்றை முதலில் நம்புவதற்கு நியாயமே இல்லை.

அமெரிக்க வகை சென்சார்களில் கணக்கு தலைகீழ். பூஜ்யத்தில் 240 ஓம், உச்சத்தில் 33. அங்கே வயர் அறுந்தால் முள் விழும். எந்த வகை என்று பார்க்காமல் வயரைக் கழற்றிச் சோதிப்பவர் நல்ல கேஜைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

முள் விழுந்ததும் செட்டை நிறுத்துங்கள். ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். லோடு இல்லாமல் சும்மா ஓடவிட்டு நிறுத்தும் செட்களில் எரியாத டீசல் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். அப்போது அளவு கூடியிருக்கும், பிரஷர் குறைந்திருக்கும். அளவும் வாடையும் சரியென்றால், வி.டி.ஓ. வகையில் சாவியை மட்டும் போட்டு சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் உச்சிக்குப் போக வேண்டும். பிளாக்கில் தொட்டால் பூஜ்யத்துக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் வயரும் குற்றமற்றவை. மீதி சென்சாரும் ஆயிலும்தான்.

அந்த இரண்டில் எது என்று தீர்ப்பு சொல்ல மாஸ்டர் கேஜ் ஒன்றால்தான் முடியும். சென்சாரைக் கழற்றிய துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, ஆயில் சூடேறியபின், 1500 சுற்றில், லோடோடு படியுங்கள். இன்ஜின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். காதை நம்பவேண்டாம், பேரிங் தட்டுவது கேட்கும்போது கிராங்க்கில் கோடு விழுந்து முடிந்திருக்கும். இப்படியொரு கேஜும் நாலைந்து அடாப்டரும் பையில் இல்லாமல் சர்வீசுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மலைமேல் போனால் கேஜ் மாறிக் காட்டும் என்ற பேச்சையும் நிறுத்திக்கொள்ளலாம். கம்பத்திலிருந்து மேகமலைக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினாலும் காற்றழுத்த வித்தியாசம் 0.1 கிலோவை ஒட்டியதுதான்.

மாற்றிப் போட்ட சென்சார் செய்யும் குழப்பம் தனி. 10 பார் கேஜுக்கு 5 பார் சென்சாரை மாட்டினால் நிஜமான 4 ஏறக்குறைய 8 ஆகத் தெரியும். நேர்மாறாக மாட்டினால் 4 என்பது 2 ஆகி, தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்க வைக்கும். இரட்டை முனை சென்சாரில் ஜி, டபிள்யூ.கே. வயர்கள் இடம் மாறினால் முள் நின்றால் பூஜ்யம், ஓடினால் உச்சம். நடுவில் எங்கும் நிற்காது. மரையில் டெஃப்ளான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் போய், குறைந்த பிரஷரைக் கூட நல்ல பிரஷராகக் காட்டும். கன்ட்ரோலர் மாற்றிய செட்டில் சென்சார் வகை செட்டிங்கைப் பாருங்கள். சென்சார் காமன் வயர் பேனலுக்குள் முடியாமல் இன்ஜின் பிளாக் வரை போகிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது ஒன்று உண்டு. முகூர்த்த நேரம். செட் ஸ்டார்ட் ஆகிச் சில விநாடியில் தானே நிற்கிறது. மண்டபக்காரர் பக்கத்திலேயே நின்று பதறுகிறார். லோ ஆயில் பிரஷர் சுவிட்சின் வயரைக் கழற்றி டேப் சுற்றினால் செட் ஓடும். சுற்றுகிறோம். விருந்து முடிகிறது. டேப் அப்படியே இருக்கிறது, மாதக்கணக்கில். அதற்குப் பிறகு அந்த இன்ஜினுக்குக் காவல் கிடையாது. அந்த நெருக்கடியில் வாடகைக்கு வேறு செட் வரவழைப்பதே சரியான பதில். உரிமையாளர் கோபப்படுவார், படட்டும்.

2023 ஜூலை முதல் அமலான சி.பி.சி.பி. 4 பிளஸ் விதிக்கேற்ப வரும் எலக்ட்ரானிக் இன்ஜின்களில் இந்த ஓம் கணக்கு பெரும்பாலும் செல்லாது. மூன்று வயர், 5 வோல்ட் சென்சார். அங்கே வயரை பாடியில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஈ.சி.யூ.வுக்கே கேடு. மாஸ்டர் கேஜ் மட்டும் அங்கேயும் செல்லும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வாடகைச் செட்கள் கிளம்பும் முன், ஆயில் சுவிட்ச் எர்த் ஆனால் நிற்கும் பழைய வகை ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை செய்யுங்கள். செட் ஓடும்போது சுவிட்சின் வயரைக் கழற்றி பிளாக்கில் தொடுங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்காத செட்டை லாரியில் ஏற்றாதீர்கள். சூட்டில் மாஸ்டர் கேஜ் காட்டிய அளவைத் தேதியோடு லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை முள் விழும்போது ஒப்பிட அது வேண்டும்.