சலங்கை பரணில் உறங்கலாமா?

(பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு, தாவரவியல்)

கொல்லிமலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாயகங்கை அருவியும் பலருக்கு நினைவுக்கு வரும். வாசலூர்பட்டி என்றால் படகுத்துறை என்பர். அவ்வூரில் பிறந்த எனக்கோ முதலில் செவியில் ஒலிப்பது சேர்வையாட்டத்தின் சலங்கைதான்.

தலைப்பாகை கட்டி, காலில் சலங்கை பூட்டி, மேளத்திற்கேற்ப அடிவைத்து ஆடும் ஆட்டம் அது. ஆடி மாதத்தில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் மலைவாழ் மக்களின் ஆட்டங்களுக்கு மேடை கிடைக்கிறது. மகிழ்ச்சியே! ஆனால் ஆண்டுக்கொரு முறை மேடையேறுவது மட்டுமே ஒரு கலைக்கு வாழ்வாகிவிடுமா? ஊர்த் திருவிழாவில் பெரியவர்கள் ஆடக் கண்டு சிறுவர்கள் அடி பழகுவதே அதன் பள்ளிக்கூடம். அது மூடப்பட்டால் மேடையில் எஞ்சுவது வாடகை உடை மட்டுமே.

புறநானூற்றின் 153-ஆம் பாடலில் வன்பரணர் ஒரு விந்தை சொல்கிறார். ஓரியின் கொடையால் பசி தீர்ந்த அவருடைய சுற்றத்தார் ஆடலையும் பாடலையும் மறந்தனராம்! அன்று மறக்கச் செய்தது வள்ளலின் கொடை. இன்று மறக்கச் செய்வது நம் நாணம் அன்றோ? படித்தவன் சலங்கை கட்டுவதா என்று கூசுகிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாட்டனாரின் சலங்கையைப் பரணில் எறிவதுதான் பட்டத்திற்கு நான் தரும் விலை என்றால், அந்தப் பட்டம் எனக்கு இனிக்காது.

இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அலாஸ்காவின் கோடியாக் தீவில் வாழும் அலூட்டிக் மக்களின் ஆட்டமும் மொழியும் அந்நியர் ஆட்சியில் நலிந்தன. அவர்களுடைய முகமூடிகளை 1872-இல் பினார் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். பின்னாளில் அம்மக்கள் ஆட்டத்தை மீண்டும் பயின்று, மணி கோத்த தலையணிகளைத் தாமே செய்து அணிந்தனர். 1995-இல் தமக்கென அருங்காட்சியகமும் திறந்தனர். 2008-இல் அம்முகமூடிகளுள் சில கண்காட்சிக்காகக் கோடியாக் வந்தன. சொந்தப் பொருளைக் காண 136 ஆண்டுகள் காத்திருந்தனர்!

நமக்கு அத்தனை தொலைவு இல்லை. கற்றுத்தரும் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எனவே, மலையிலிருந்து வந்து பயிலும் நண்பர்களே, வரும் கோடை விடுமுறையில் அவர்கள் அருகே அமர்வோம். பாட்டைக் குறிப்பேட்டில் எழுதுவோம்; தலைப்பாகை கட்டும் முறையைக் கேட்டறிவோம்; அடிவைத்துப் பழகுவோம். பேராசிரியப் பெருமக்கள் அக்குறிப்புகளைத் திருத்திக் கல்லூரி நூலகத்தில் சேர்த்து உதவ வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் சேர்வையாட்டம் ஆடப்படுமானால், ஆடுவோர் இக்கல்லூரி மாணவர்களாகவே இருக்கட்டும்.